பாதி கழன்ற பிரேக் பம்ப்

அன்புள்ள அண்ணி,

சோப்புப் போட்டுத் தேய்த்தும் விரல்களில் பிரேக் ஒயில் வாசம் போகவில்லை. இன்று காலை ஹட்டனுக்குப் போய், அங்கிருந்து நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸில் ஏறி, நாம் வழக்கமாகப் போகும் யாட்டில் இறங்கினேன். உடைந்த வாகனங்களைக் குவித்து வைத்து, வேண்டிய சாமானை நாமே கழற்றிக்கொள்ள விடும் அதே இடம்தான். உங்கள் ஆட்டோவின் பின் சக்கரத்துக்குப் பிரேக் சாமான் தேவைப்பட்டது. நீங்கள் போன பிறகு அதை நான்தான் ஓட்டுகிறேன். அண்ணனால் கொழும்புக் கடை வேலையை விட்டு வர முடியவில்லை. நானோ பாலர் பாடசாலையில் படிப்பித்து முடிந்தால் சும்மா இருப்பவள்.

யாட்டு முதலாளி என்னைத் தனியாகக் கண்டதும் எழுந்து நின்றார். "அக்கா எங்க மிஸ்?" என்று அவருடைய சிங்களம் கலந்த தமிழில் கேட்டார். சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "போய் எடுங்க. உங்க வீட்டு ஆளுக்குப் பின்னால நான் வந்து பாக்கத் தேவையில்ல" என்றார்.

அந்த மரியாதை உங்களுக்கு உரியது. மற்றவர்கள் ஒரு விளக்குக்காகக் கதவையே நெம்பிப் பிய்ப்பார்கள். நீங்கள் ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி, எடுத்த பிறகு மிச்ச ஆணிகளை அதனதன் ஓட்டையிலேயே திரும்ப முறுக்கி வைப்பீர்கள். ஒயில் மண்ணில் ஊற்றாமல் பால்மா டின்னில் பிடிப்பீர்கள். எதையாவது உடைத்துவிட்டால் முதலாளி கேட்கும் முன்பே போய்ச் சொல்லிவிடுவீர்கள். "நமக்கு அப்பறமும் ஆளு வரும்ல புள்ள" என்பதுதான் உங்கள் பேச்சு. பக்கத்தில் ஸ்பேனர் பிடித்து நிற்கும் எனக்குச் சில நாள் எரிச்சலாக வரும்.

அந்தப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு முதல் நாள் எனக்கு வந்தது எரிச்சல் இல்லை, கோபம். நம் ஆட்டோவின் பிரேக் பம்ப் அதற்கு முந்திய மாலை செத்துப் போயிருந்தது. விடிந்தால் நம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பொகவந்தலாவை டவுன் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்க வேண்டும். தோட்டத்துக்கு வரும் முதல் பஸ்ஸை நம்பினால் பரீட்சை தொடங்கியிருக்கும். தாய்மார் எல்லோரும் உங்களைத்தான் நம்பியிருந்தார்கள். அன்று யாட்டில் நமக்குப் பொருந்தும் ஆட்டோ ஒன்றே ஒன்றுதான் கிடந்தது. அதன் பம்பில் யாரோ கை வைத்திருந்தார்கள். ஒரு போல்ட் கழன்று கால் வைக்கும் தட்டில் கிடந்தது. மற்றது துருப்பிடித்து இறுகியிருக்க, அதன்மேல் ஒரு ஸ்பேனர் மாட்டியபடியே தொங்கியது.

"ஸ்பேனரை விட்டுட்டுப் போயிருக்கான். திரும்பி வருவான்" என்றீர்கள்.

"அண்ணி, நாளைக்குப் பரீட்சைங்க!"

"தெரியும் புள்ள. அவனுக்கு என்ன அவசரமோ."

முதலாளியே வந்து பார்த்துவிட்டு, "காலையில போன ஆளு. இனி வராது. நீங்க எடுங்க" என்று சொன்னார். அப்போதும் நீங்கள் அசையவில்லை. தூறல் விழுந்துகொண்டே இருந்தது. உங்களோடு நிற்கப் பிடிக்காமல் நான் ரோட்டோரக் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன். உங்களுக்கு ஒரு கோப்பை வாங்கி வரக்கூடத் தோன்றவில்லை.

நான் திரும்பி வந்த சற்று நேரத்தில் அவன் வந்தான். முழுக்க நனைந்திருந்தான். கையில் நீளமான ஒரு ஸ்பேனர். நாம் அந்த ஆட்டோ அருகே நிற்பதைக் கண்டதும் அவன் முகம் செத்துவிட்டது. கிட்ட வந்து குனிந்து பார்த்தான். பம்ப் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"போயிருக்கும்னுதான்க்கா நெனச்சேன்" என்றான். அவன் நோர்வூட் பக்கத்துத் தோட்டம். நடக்க முடியாத அப்பாவை நாளை மறுநாள் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகத்தான் ஆட்டோவைச் சரிசெய்கிறானாம். இறுகிய போல்ட்டுக்காகப் பெரிய ஸ்பேனர் தேடி ஹட்டன் வரை போயிருக்கிறான். அதை வைத்து அழுத்தியதும் போல்ட் இலேசாகக் கழன்று வந்தது. "காலையில அசையவே இல்லையே!" என்று ஆச்சரியப்பட்டான். நீங்கள் பைக்குள் இருந்த மண்ணெண்ணெய்ப் போத்தலைக் காட்டி, "கொஞ்சம் ஊத்தி வச்சேன் தம்பி" என்றீர்கள்.

நாம் எதற்கு வந்தோம் என்று அவன் கேட்டபோது நீங்கள் மழுப்பினீர்கள். நான்தான் பட்டென்று சொல்லிவிட்டேன். அவன் பம்பைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தான். "இன்னைக்கே மாட்டிருவேன்க்கா. அப்பாவுக்கு நாளான்னைக்குத்தான். நாளைக்கு வெள்ளென நான் வந்து பிள்ளைங்கள ஏத்துறேன். எந்த லயம்னு மட்டும் சொல்லுங்க."

வருவான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. மறுநாள் பனி விலகாத நேரம், பிள்ளைகள் நம் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் நடுங்கிக்கொண்டு நிற்க, தேயிலைக்கு நடுவே ஒற்றை விளக்கு வளைந்து வளைந்து மேலே ஏறியது. நீங்கள் "மாதாவே" என்று நெஞ்சில் சிலுவை போட்டுவிட்டு, தலையில் போட்டிருந்த துவாயால் கண்ணைத் துடைத்தீர்கள். பிள்ளைகளோடு நாமும் நெருக்கி ஏறிக்கொண்டோம். பள்ளிக்கூட கேட் இன்னும் திறக்கவே இல்லை, அவ்வளவு வெள்ளென போய்ச் சேர்ந்துவிட்டோம்.

அவனை அனுப்பிவிட்டு நாம் நடந்து மேலே ஏறும்போதுதான் சொன்னீர்கள்.

"நீ தேத்தண்ணி குடிக்கப் போனேல்ல, அப்ப அவன் ஸ்பேனரைப் புடிச்சு முறுக்கிப் பாத்தேன்."

நான் நின்றுவிட்டேன்.

"அசையல. அசைஞ்சிருந்தா கழட்டிப் பையில போட்டிருப்பேனோ என்னமோ. பிள்ளைங்க முகந்தான் கண்ணுக்குள்ள நின்னுச்சு. அப்பறம் வெக்கமாப் போச்சு. அதான் மண்ணெண்ணெய் ஊத்துனேன், அவனுக்காவது லேசா வரட்டும்னு."

சொல்லிவிட்டு நீங்களே சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். முதல் நாளிலிருந்து நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

உங்களை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் "அது மாதிரி ஒரு பொம்பள இனி வராது" என்றார்கள். அன்று மாலை அண்ணன் ஆட்டோச் சாவியை என் கையில் வைத்தபோது அந்த வார்த்தைதான் என்னைப் பயமுறுத்தியது. உங்கள் இடத்தில் உட்கார நான் யார் என்று நினைத்தேன். பிறகு, ஆளில்லாத நேரத்தில் அடுத்தவன் ஸ்பேனரை முறுக்கிப் பார்த்த உங்கள் கை ஞாபகம் வந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அது என்னிடமே இருக்கட்டும், அண்ணி. அதை நினைத்துக்கொண்டுதான் தினமும் வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிறேன். பயமில்லாமல் ஓட்ட முடிகிறது.