சங்கரா மீனும் ஞாயிற்றுக்கிழமைக் கேள்வியும்

ரோஸி,

ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் நான்கு சங்கரா மீன் இருக்கிறது. மிளகு, பூண்டு, மஞ்சள், உப்பு தடவி வைத்திருக்கிறேன். வெயில் ஏறிவிட்டதால் மிளகாய்த்தூள் போடவில்லை. தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் புரட்டி எடுத்தால் போதும். ரசம் அடுப்பில் இருக்கிறது.

தாம்பரம் மார்க்கெட்டில் மீன்கார அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா சார், நீயா சமைக்கப் போற? எலுமிச்சம்பழத்த இப்பவே புழிஞ்சி வெக்காத, மீனு உடஞ்சிடும்." அதனால் பழத்தை மேடைமேல் வைத்திருக்கிறேன். இறக்கும்போது பிழிந்துகொள்.

கோயம்புத்தூர் மாற்றலை ஏற்கட்டுமா என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பேசாம இருந்தா வேணாம்னுதான அர்த்தம்" என்றாய். அன்றிலிருந்து நீயும் பேசவில்லை.

அர்த்தம் அது இல்லை. இந்த வீட்டில் தனியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிக்க நான்கு நாள் ஆயிற்று.

இன்று மாலைக்குள் நீ ஆபீஸுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். போகிறேன் என்றே எழுதிவிடு.

ஜீவா

வெளியே போனால் சாவியை எதிர்வீட்டு கீதா அக்காவிடம் கொடு.

சாப்பிட்டதும் உப்பு சரியா என்று ஒரு வார்த்தை அனுப்பு. ஜூனிலிருந்து நான்தானே சமைக்க வேண்டும்.