தடைக்கு முந்தைய சனிக்கிழமை

நாற்பத்து மூன்று வயதிலும் எனக்குச் சின்னவனாகவே இருந்த ரவிக்கு,

முதலில் ஒரு கேள்வி. நீ போன இந்த ஐந்து மாதமாக இதை வைத்துக்கொண்டிருக்கிறேன். விடை எனக்குத் தெரியவில்லை. கடிதம் முடிவதற்குள் தெரிந்துவிடும் என்றும் தோன்றவில்லை. காத்திருக்கவே தெரியாத நீ, காத்திருப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாத ஒரு சீட்டுக்கட்டை ஏன் உருவாக்கினாய்?

குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்முன் அடுப்பை அணைப்பவன் நீ. சிவப்பு விளக்கு விழுந்தால் நிற்கப் பொறுக்காமல் பக்கத்துச் சந்தில் வண்டியைத் திருப்புவாய், அந்தச் சந்து வீட்டுக்குப் போகாது என்று தெரிந்தும். பாலிடெக்னிக்கை இரண்டாம் ஆண்டோடு விட்டாய். நான்கு வேலை மாறி, ஐந்தாவதாக மூவாரில் மேசை நாற்காலித் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் நிலைத்தாய். அங்கே ஒரு மேசையை அரை நிமிடம் பார்த்தால் போதும், அதனால்தான் நிலைத்தாய் என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

உனக்குத் தெரிந்ததை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இது பணம் வைத்து ஆடும் சீட்டல்ல. ஆளுக்கு அறுபது படக்கார்டுகள். அவரவர் தேர்ந்தெடுத்துக் கட்டாக்கிக்கொண்டு வருவார்கள். இருவரும் இருபது உயிர்ப்புள்ளியில் தொடங்குவார்கள். எதிராளியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருபவர் வெல்வார். பெரும்பாலானவர்கள் எடுத்த எடுப்பிலேயே அடிக்கத் தொடங்குவார்கள். உன் கட்டு ‘காம்போ’ வகை, அது அடிக்காது. அடி வாங்கிக்கொண்டு, குறிப்பிட்ட மூன்று கார்டுகள் கைக்கு வரும்வரை உட்கார்ந்திருக்கும். முதல் இரண்டும் ஒன்றையொன்று திரும்பத் திரும்ப எழுப்பிவிடும். சுற்றுக்கு ஒரு புள்ளி சேரும். மூன்றாவது கார்டு, சேர்ந்த புள்ளி அத்தனையையும் ஒரே வீச்சில் எதிராளி மேல் போடும். மூன்றும் சேர்ந்தால் வெற்றி. சேராவிட்டால் சும்மா உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம்.

போன தீபாவளிக்கு அம்மா வீட்டு மேசையில் அந்த அறுபதையும் பரப்பினாய். “அக்கா, நீ கணக்குல புலி. இது எத்தனை தடவைக்கு ஒரு தடவை சேரும்னு போட்டுச் சொல்லு” என்றாய். ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பண்டார் தெங்காராவில் செம்பனைத் தோட்டங்களின் மண்ணைப் பரிசோதித்துப் பிழைப்பவள் நான். எண் என்ன சொல்கிறதோ அதைச் சொல்லித்தான் பழக்கம். தேறாது என்றேன். “சேர்றதுக்குள்ள செத்துருவே” என்றும் சொன்னேன். ஆட்டத்தைத்தான் சொன்னேன்.

நீ சிரித்தாய். “சேரும்போது வந்து பாரு அக்கா. ஒரே ஒரு சனிக்கிழமை.”

அதற்கப்புறம் எத்தனையோ முறை கூப்பிட்டாய். வளர்ந்த மனிதர்கள் படக்கார்டு ஆடுவதைப் பார்க்க இரண்டு மணி நேரம் காரோட்ட வேண்டுமா என்று நான் வரவில்லை. பிறகு ஒரு நாள் தொழிற்சாலை கேன்டீனில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அன்று அதே சாலையில் வந்தேன். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. உன் அறையில் தையல் மெஷினைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். கோபித்துக்கொள்ளாதே, வீட்டில் வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுகிறது. உன் மோட்டார் சைக்கிளை நான்தான் வாரத்துக்கு ஒருமுறை வந்து உயிர்ப்பித்து வைக்கிறேன். ஓட்டத் தைரியமில்லை. முற்றத்தில் நிறுத்தியபடியே.

மூன்று வாரத்துக்கு முன் தினேஷ் போன் செய்தான். யோங் பெங்கில் லாரி கம்பெனியில் வேலை செய்துகொண்டு, சனிக்கிழமைதோறும் உன்னோடு ஆட மூவாருக்கு வருவானே, அவன்தான். உன் காரியத்தன்று நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தவன் என்பதற்குமேல் எனக்கு அவனைத் தெரியாது. சுற்றிவளைக்காமல் சொன்னான்: “அக்கா, அண்ணனோட மெயின் கார்டைப் பேன் பண்ணிட்டாங்க.”

ஒரு கார்டு அளவுக்கு மீறி வென்றால், விளையாட்டை நடத்துபவர்கள் அதைப் போட்டிகளில் தடை செய்துவிடுவார்களாம். உன் மூன்றில் முதலாவதுக்கு அந்தக் கதி. எங்கோ வெளிநாட்டில் யாரோ அதை வைத்து வென்று தள்ளியிருக்க வேண்டும். மூவாரில் நிச்சயமாக இல்லை. தடை இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை தொடங்கும். அதற்கு முந்தைய சனிக்கிழமைதான் உன் கட்டை நீ அடுக்கியபடியே போட்டியில் ஆட முடிந்த கடைசி நாள். கட்டைக் கொடுத்தால் தான் ஆடுவதாகவும், நான் வந்து பார்த்தால் போதும் என்றும் தினேஷ் சொன்னான்.

“நானே ஆடுறேன்” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

“அக்கா, ரூல்ஸ் தெரியுமா?”

“தெரியாது.”

“சரி லா. அப்ப நாளைக்கே ஆரம்பிப்போம்.”

தினமும் வேலை முடிந்ததும், ஆய்வகத்து மேசையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு பாடம் கேட்டேன். தினேஷ் பொறுமைசாலி இல்லை. “மண்ணைப் பாக்குற மாதிரி தடவாதீங்க அக்கா, கார்டைக் கீழ வைங்க” என்பான். ஒரு விதி மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. உன் இரண்டு கார்டுகளின் சுற்று முடிவில்லாதது. ஆனால் முடிவில்லாமல் என்று சொல்ல முடியாது. எத்தனை முறை என்று ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும். மூவாரில் நீங்கள் ஆடும் கார்டுக் கடையின் வழக்கப்படி, சொன்ன எண்ணை மாற்றவும் முடியாது. நீ எப்போதும் “ஒரு மில்லியன்” என்பாயாம், கடையே கூடச் சேர்ந்து சொல்லுமாம். எனக்கு அது வீண் ஆடம்பரமாகப் பட்டது. எவ்வளவு தேவையோ அவ்வளவு சொன்னால் போதாதா?

சனிக்கிழமை மதியம் அந்தக் கடைக்குப் போனேன். இரும்புக்கடைக்கு மேல்மாடி, செங்குத்தான படி. நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை மேசைகள். ஒன்றுகூட இன்னொன்றைப் போல இல்லை. எல்லாம் நீ ஏற்றுமதிக்குத் தேறாது என்று தள்ளிய சாப்பாட்டு மேசைகள் என்று தினேஷ் சொன்னான். கீறல் எங்கே என்று தேடினேன். என் கண்ணுக்குத் தெரியவில்லை. நீ தவுக்கே என்று அழைக்கும் கடைக்காரர் என்னிடமிருந்து கட்டை வாங்கினார். ரவியின் கட்டைச் சோதிக்கத் தேவையில்லை, அது தனக்கு மனப்பாடம் என்று மலாயில் சொல்லிவிட்டு, அறுபதையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு கை கழுவிவிட்டு வரச் சொன்னார். கீழே வாங்கிய ஓத்தாக் ஓத்தாக் என்ற மீன் பலகாரத்தின் எண்ணெயோடு யாரும் கார்டைத் தொடக் கூடாதாம்.

நான்கு சுற்று. ஒவ்வொன்றிலும் மூன்று ஆட்டத்தில் இரண்டை வெல்ல வேண்டும். முதல் சுற்றில் எதிரே ஒரு மலாய்ப் பல் மருத்துவர், வலிக்காமல் முடித்துவிட்டார். அடுத்தவள் பல்கலைக்கழக மாணவி. ஒவ்வொரு அடிக்கும் “சாரி ஆன்ட்டி” என்றாள், அடிப்பதை நிறுத்தவில்லை. மூன்றாவதும் அப்படியே போனது. ஆறு ஆட்டம் உட்கார்ந்திருந்தேன், அடி வாங்கினேன், ஒருமுறைகூட மூன்றும் சேரவில்லை. என் உறைக் கணக்கு சரியாகவே இருந்தது. நான் சரி என்று தெரியும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும், உனக்குத் தெரியும். அன்று வரவில்லை.

தோற்றவர்களைத் தோற்றவர்களோடு சேர்ப்பார்கள். அதனால் கடைசிச் சுற்றில் எனக்கு எதிரே தினேஷ். அவனும் மூன்றிலும் தோற்றிருந்தான். “வேணும்னே தோத்தியா?” என்று கேட்டேன்.

“கார்டே வரல அக்கா. உங்க ராசி ஒட்டிக்கிச்சு.”

முதல் ஆட்டத்தை அவன் வென்றான். இரண்டாவதிலும் என் உயிர் நான்குக்கு இறங்கியிருந்தது. கையில் இரண்டு கார்டு தயார், மூன்றாவது இல்லை. இதைத் தோற்றால் உன் கட்டுக்கு இனி ஆட்டமே இல்லை. கட்டின் மேல் கார்டை எடுத்தேன். அது மூன்றாவது.

முதல் இரண்டையும் மேசையில் வைத்தேன். ஓரம் பிசகாமல் இரண்டு முறை நேராக்கினேன். தினேஷ் நாற்காலியில் சாய்ந்து, யாரிடமென்று இல்லாமல், “சேந்துருச்சு” என்றான். பக்கத்து மேசைகளில் கார்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். பல் மருத்துவர் வந்தார், அந்த மாணவி வந்தாள், தவுக்கேயும் கல்லாவை விட்டு வந்தார். விதிப்படி தினேஷ் கேட்டான்: “எத்தனை தடவை அக்கா?”

என் பின்னால் நின்றவர்கள் எதற்குக் காத்திருந்தார்கள் என்று தெரியும். உன் மில்லியனுக்கு. அது உன் வாயில் இருந்த சொல். என் வாயில் வந்தால் நடிப்பு போல இருக்கும் என்று கூச்சமாக இருந்தது. எல்லோரும் இருபதில் தொடங்குகிறோம், இருபது போதும். “இருபது” என்று சொல்லி மூன்றாவது கார்டை வைத்தேன்.

தினேஷ் பேனாவைத் தொடவில்லை. உயிர்ப்புள்ளி குறிக்கும் தன் தாளையே பார்த்தான். ஆட்டத்தின் நடுவில் அவன் ஒரு கார்டு போட்டு மூன்று உயிர் ஏற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கு இருபத்து மூன்று. என் தாளிலும் அது இருந்தது, என் கையெழுத்தில்.

“அக்கா” என்றான் மெதுவாக. “சத்தத்துல எனக்குச் சரியாக் கேக்கல. நம்பர் என்ன சொன்னீங்க?”

சத்தமே இல்லை, ரவி. அந்த அறையில் காற்றாடி மட்டும்தான் சுற்றிக்கொண்டிருந்தது. நான் இன்னொரு எண்ணைச் சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். தவுக்கே கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் நீ சொன்னது நிஜமா என்று பார்க்கத்தான் நான் அங்கே போனேன். நானே கைவைத்துத் திருத்திய அளவை நான் எப்படி நம்புவேன்?

“கேட்டிருக்கும் தினேஷ். இருபதுதான் சொன்னேன்.”

அவன் தாளில் மூன்று என்று எழுதினான். அவன் முறை வந்தது. கார்டுகளைத் திருப்பித் திருப்பி அடுக்கினானே தவிர, அடிக்கவில்லை.

“அடிப்பா. ரவி உக்காந்திருந்தா எப்படி அடிப்பியோ, அப்படி.”

“அண்ணனைத் திட்டிக்கிட்டே அடிப்பேன்.”

“திட்டிட்டு அடி.”

“உங்களைத் திட்ட வரல அக்கா” என்று சொல்லி அடித்தான். என் உயிர் நான்கும் போனது.

கூட்டம் கலைந்தது. தவுக்கே என் தோளைத் தொட வந்து, தொடாமல், மேசையைத் தட்டிவிட்டுப் போனார். தினேஷ் உன் கார்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டே, தான் ஜெயித்திருக்கக் கூடாது என்றான். அவன் விட்டுக்கொடுத்திருந்தால் இது சேர்ந்தது என்றே நான் நம்பியிருக்க மாட்டேன் என்று சொன்னேன். அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. தலையை ஆட்டினான்.

சேர்ந்தது, ரவி. எட்டு ஆட்டத்தில் ஒன்று. நான் பார்த்தேன். அந்த நேரத்தில் நீயும் இப்படித்தான் கார்டை நேராக்கிக்கொண்டிருப்பாயா? மூன்றாவது கார்டு வராத அத்தனை சனிக்கிழமைகளிலும் நீ எப்படி உட்கார்ந்திருந்தாய்? சிவப்பு விளக்கில் நிற்காதவன், எதற்காக இங்கே மட்டும்? காரில் வரும்போதெல்லாம் கேட்டுக்கொண்டேன். ஒவ்வொரு விடைக்கும் நானே ஒரு மறுப்பு வைத்திருக்கிறேன். தீபாவளியன்று சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காக மட்டும் மன்னித்துவிடு.

அந்தப் போட்டியோடு கட்டைப் பெட்டியில் போட்டு உன் படத்தின் கீழ் வைத்துவிடுவது என்றுதான் புறப்பட்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன்: அதை நான் பார்த்துக் கும்பிடும் பொருளாக்க மாட்டேன். ஆடுவேன். தோற்றால் தோற்றேன் என்றே உன்னிடம் சொல்வேன்.

மறுநாள் நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா வீட்டு மேசையில் உட்கார்ந்து, தடைக்குள்ளான கார்டின் நான்கு பிரதிகளையும் கட்டிலிருந்து எடுத்தேன். ஐம்பத்தாறு மிஞ்சியது. அவன் கட்டை ஏன்டி பிரிக்கிறாய் என்று அம்மா கேட்டார். நாலு எடுத்தால் வேறு நாலு சேர்க்க வேண்டும் என்றேன். அம்மா மேசையில் கிடந்த தையல் துணிகளை ஒதுக்கி இடம் விட்டார். தினேஷுக்குப் போன் போட்டு, வேறு எது பொருந்தும் என்று கேட்டேன். நான்கு மணிக்குக் கார்டுக் கோப்போடு வந்துவிட்டான். பள்ளிவாசலில் அந்திப் பாங்கு கேட்கும்வரை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஒருமுறைகூடச் சேரவில்லை. கிளம்பும்போது, “அடுத்த சனிக்கிழமைக்குப் பேரு குடுக்கட்டா அக்கா?” என்று கேட்டான். கொடு என்றேன்.

உனக்கு ஆறு வயது மூத்தவள்,
உன் மல்லிகா அக்கா