இடப்பள்ளியில் உம்மாவுக்கு ஒன்றுமில்லை

செவ்வாய், இரவு.

எழுதித் தீர்க்காவிட்டால் தூக்கம் வராது. உம்மாவை இன்று இடப்பள்ளியில் இதய டாக்டரிடம் கூட்டிப் போனேன். அனுப்பியவர் எங்கள் மட்டாஞ்சேரி டாக்டர். அவரிடம் உம்மா வாய் திறந்து எதையும் சொன்னதேயில்லை. படியேறி வரும்போதே முகத்தைப் பார்த்து, "நெஞ்சு அடைக்குதோ உம்மா?" என்று அவரே கேட்பார். அதைக் கண்டுதான் அனுப்பினார். ஆனால் கடிதத்தில் எழுதியது ஒரே வரி: பார்த்து ஆவன செய்யவும்.

பாதி நாள் காத்திருந்து உள்ளே போனோம். புது டாக்டர் சின்ன வயசுக்காரர். "எந்தா உம்மா, எந்தா பிரச்னம்?" என்றார்.

உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "ஒண்ணுமில்ல மோனே. படைச்சவன் கிருபையில சுகந்தான்."

முதல்முதலாகப் பார்ப்பவரிடம் உடம்புக் குறையைச் சொல்வது மரியாதை இல்லையாம், உம்மாவுக்கு. நான் பேச வாயெடுத்தேன். உம்மாவே சொல்லட்டும் என்று டாக்டர் கையமர்த்திவிட்டார். இ.சி.ஜி.யிலும் அந்த நேரம் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. "குழப்பமில்லா", பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.

வீடு திரும்பும் வழியில், ஆட்டோ தோப்பும்படி பாலத்தின் மேல் ஏறும்போது உம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "நெஞ்சு அடைக்குது மோளே."

"இத அங்க சொல்லக் கூடாதா?" கத்தியேவிட்டேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பாலம் இறங்குவதற்குள் அடைப்பு விட்டுவிட்டது. "அந்தப் புள்ளகிட்ட எப்புடிச் சொல்றது?" என்றாள் உம்மா. "நாளைக்கு நம்ம டாக்டர்கிட்ட போவோம். அவரு மொகத்தப் பாத்தே கண்டுபிடிச்சுருவாரு."

கண்டுபிடிப்பார். கண்டுபிடித்து, அதே ஒரு வரியை எழுதி மறுபடியும் இடப்பள்ளிக்கே அனுப்புவார்.