அவருக்காக மாற்றிய கார்டுகள்

12 ஜனவரி 2025, ஞாயிறு

காலைப் பூசையில் காணிக்கைப் பாட்டு. இடையில் என் வீட்டுக்காரர் செபஸ்டின் லீட் கிட்டாரில் தனித்தனிச் சுரங்களாக மெட்டு வாசித்தார். வழக்கம்போல் நான் பின்னால் உட்கார்ந்து இன்னொரு கிட்டாரில் மூன்று மூன்று சுரங்களைச் சேர்த்துக் கார்டு வாசித்தேன். ஜி கார்டு ஓடும்போது அவர் விரல் சி-யில் போய் நின்றது. ஜி கார்டுக்குள் இருப்பவை ஜி, பி, டி மூன்றுதான். சி-யில் நின்றால் காதைக் குத்தும். சட்டென்று சி கார்டுக்கு மாறிவிட்டேன். அவர் நின்ற இடம் சரியான இடமாகிவிட்டது.

வெளியே வந்ததும் பாடகர் குழு மொத்தத்துக்கும் முன்னால், "ஏஞ்சலு, கார்ட ஒழுங்கா பாத்து வாசி. பாட்டுல இல்லாததெல்லாம் போடுற" என்றார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஒன்பது வருஷமாக இதே பேச்சு. சிரித்துக்கொண்டு நின்றேன். எதற்குச் சிரித்தேன்?

15 ஜனவரி, புதன்

பொங்கல் லீவு. அவர் கீழப்பழுவூர் போயிருந்தார். அவருடைய கிட்டாரை எடுத்து வைத்துக்கொண்டேன்.

லீட் வாசிப்பது பெரிய வித்தையெல்லாம் இல்லை. கார்டு மாறும் நொடியில் புதுக் கார்டின் சுரம் ஒன்றில் இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஜி-யில் பி. சி வந்ததும் அடுத்த கட்டத்திலேயே சி. டி வந்தால் எஃப் ஷார்ப். நடுவில் எப்படி வேண்டுமானாலும் நடந்து போகலாம். பின்னால் யாரும் கார்டு வாசிக்காமலே பாட்டு கேட்டது. அவர் பாட்டின் சுர வரிசையை மேலும் கீழும் ஓட்டுகிறார். எங்கே நிற்பது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்க ஆள் வைத்திருக்கிறாரே!

19 ஜனவரி, ஞாயிறு

திருவிழாவுக்காக ஒரு பாட்டை அரியலூரில் ரெக்கார்டிங் செய்யப் போகிறோம் என்று பாடகர் குழு மாஸ்டர் மரியசூசை சொன்னார். "லீட் நான் வாசிக்கட்டுமா மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டேன். மாஸ்டர் பதில் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் சொன்னார்: "கார்டே தப்பும் தவறுமா போடுறா, இதுல லீடு வேறயா?" எல்லோரும் சிரித்தார்கள்.

1 பிப்ரவரி, சனி

ஸ்டூடியோவில் முதலில் கார்டை மட்டும் பதிவு செய்தார்கள். தாளில் இருந்ததை அப்படியே வாசித்தேன். பிறகு அதைக் கேட்டுக்கொண்டே அவர் லீட் வாசிக்க வேண்டும். பதிவான என் கார்டு இனி அவருக்காக நகராது. அது எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

பதினோரு தடவை நிறுத்தினான் ஸ்டூடியோ பையன் பிரசாத். "அண்ணே, அந்த எடத்துல இடிக்குது."

"அவ போட்ட கார்டு தப்புப்பா."

பிரசாத் நான் வாசித்ததை மட்டும் ஓடவிட்டுக் கேட்டான். "அக்காவோடது சுத்தமா இருக்குண்ணே."

இவர் டீ குடிக்கக் கீழே போய்விட்டார். "லீட நீ ஒரு தடவ வாசிச்சுப் பாரும்மா" என்றார் மாஸ்டர். இரண்டாவது தடவையிலேயே என் லீட் பதிவாகி முடிந்தது. எனக்கென்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தது.

10 பிப்ரவரி, திங்கள்

பாட்டை யூடியூபில் போட்டுவிட்டார்கள், கீழே பெயர்களோடு. லீட் கிட்டார்: செபஸ்டின். ரிதம்: ஏஞ்சல் மேரி.

மாஸ்டருக்குப் போன் செய்தேன். "லீடுன்னா செபஸ்டின்தான்னு ஊருக்கே தெரியும். வூட்டுக்காரர் பேருதானம்மா, விடு" என்கிறார். திருமானூரிலிருந்து யாரோ இவரைக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். நான் பக்கத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "ரொம்ப நன்றிங்க" என்றார். கொஞ்சம்கூடக் கூசவில்லை.

11 பிப்ரவரி

அந்தப் பெயரையே திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறேன். எழுதியும் ஆத்திரம் அடங்கவில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

திருவிழாப் பூசை. அதே பாட்டு. கோவில் நிறைய ஆள், கையில் போன். நான் ஸ்டூடியோவில் வாசித்ததை ஒரு வாரமாகக் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தார். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் மறந்து, பழையபடி ஓட்டிக்கொண்டு போய் சி-யில் நின்றார். கீழே என் கார்டு ஜி.

என் விரல்கள் தாமாகவே சி கார்டுக்கு எழுந்தன. திரும்ப வைத்துவிட்டேன். ஜி-யையே வாசித்தேன். இன்னொரு தடவையும் ஜி. முன்வரிசையில் யாரோ முகத்தைச் சுளித்தார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

பூசை முடிந்து வண்டியில் வீடு வந்தோம். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"ஏன்டி கார்ட மாத்தல?"

அப்படியென்றால் அவருக்குத் தெரியும். ஒன்பது வருஷமும் தெரியும்.