நான்காம் வளைவில் பத்தொன்பது நொடி

அனுப்புநர்
கார் எண் 27, ஸ்டாக் வகுப்பு
(மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டிப் பொருத்துபவர்)

பெறுநர்
போட்டி இயக்குநர் அவர்கள்,
ரிமோட் கார் பந்தயச் சங்கம்

எதிர்மனுதாரர்
என் கணவர், கார் எண் 28, ஸ்டாக் வகுப்பு. முகவரி என்னுடையதே.

பொருள்: இறுதிப் போட்டியில் மார்ஷல் கடமை தவறியதும், அதனால் மாடிஃபைடு வகுப்புக்கான என் தகுதி பறிபோனதும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வீட்டு விஷயத்தைச் சங்கத்துக்குக் கொண்டுவருகிறாளே என்று தாங்கள் நினைக்கக்கூடும். நடந்தது திடலில். ஆகவே திடலுக்குப் பொறுப்பானவருக்கு எழுதுகிறேன்.

1. ஸ்டாக் வகுப்பில் எல்லோருக்கும் சங்க முத்திரையிட்ட ஒரே மோட்டார். மாடிஃபைடில் அவரவர் விருப்பம்போல் வேகமான மோட்டார். கீழிருந்து மேலே போக விதி 14 ஒரே ஒரு வழிதான் வைத்திருக்கிறது: ஒரே ஆண்டில் ஸ்டாக்கில் மூன்று முதலிடம். ஆறு வருடமாக ஓட்டுகிறேன். இந்த ஆண்டுதான் இரண்டு கிடைத்தது. கடந்த ஞாயிறு நடந்தது ஆண்டின் கடைசிப் போட்டி.

2. ஒரு போட்டியில் ஓட்டியவர்கள் அடுத்த போட்டிக்கு வளைவுகளில் மார்ஷலாக நின்று, கவிழும் கார்களை நிமிர்த்திவிட வேண்டும் என்பது நம் வழக்கம். என் கணவர் எனக்கு முந்தைய, அதே வகுப்பின் இரண்டாம் நிலைப் போட்டியில் ஓட்டிவிட்டு நான்காம் வளைவில் வந்து நின்றார். அவரைப் பார்த்ததும் எனக்குத் தைரியமாக இருந்தது. இதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

3. முடிய இரண்டு சுற்று இருக்கையில், அரைச் சுற்று முன்னால் ஓடிக்கொண்டிருந்த என் கார் அந்த வளைவில் கவிழ்ந்தது. வேகத்தைக் குறைக்காமல் திருப்பியது என் தவறுதான். ஆனால் அதை நிமிர்த்தப் பத்தொன்பது நொடி ஆயிற்று. சற்று முன் அங்கேயே கவிழ்ந்த, என்னோடு ஓட்டிய பேக்கரிக்காரரின் காரை அவர் இரண்டே நொடியில் நிமிர்த்தியிருந்தார். நான் நான்காவதாக வந்தேன்.

4. "கால் வழுக்கிருச்சு, என்ன பண்றது" என்றார். நம்பினேன். அன்று மாலை அவர் முழங்காலுக்குத் தைலமும் தேய்த்துவிட்டேன். செவ்வாயன்று சங்கத்தின் வீடியோவைப் பார்த்தேன். கால் வழுக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்கு நாலடி தள்ளி என் கார் மல்லாந்து கிடக்கிறது, சக்கரங்கள் சுழல்கின்றன. அந்தத் தைலத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

5. அவர் லிஃப்ட் மெக்கானிக். சிக்கிக்கொண்டது யார் எவர் என்று கேட்காமல், பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுகிறவர். எங்கள் இரண்டு கார்களுக்கும் ஒரே மேசையில் ஒயர் பற்றவைப்பது நான். கேட்டதற்கு அவர் தந்த விளக்கம், உள்ளது உள்ளபடி: "நீ மேல போயிட்டா ஞாயித்துக்கிழமை நான் யாரோட ஓட்டுறது?" "அண்ணனுக்கு உங்க மேல அவ்வளவு பாசம்" என்கிறாள் என் நாத்தனார். கூடவே இருந்து குழி பறிப்பதற்குப் பாசம் என்று பெயர் வைக்க என்னால் முடியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே யோசித்திருப்பேன்.

முதலிடம் பெற்ற வங்கி ஊழியரின் கோப்பையைத் தொட வேண்டாம். அவர் ஒழுங்காக ஓட்டினார். என் கணவருக்கும் தண்டனை கேட்கவில்லை. நான் தனியாகப் பத்துச் சுற்று ஓட்டிக் காட்ட ஒரு வாய்ப்புத் தந்து, அந்த நேரம் மாடிஃபைடு தகுதிக்குப் போதுமா என்று மட்டும் பார்க்கவும். மார்ஷல் எவரும் நிற்க வேண்டாம். கவிழ்ந்தால் என் கோரிக்கை அத்தோடு முடிந்தது.

இன்னொன்று. அடுத்த மாதம், புது ஆண்டின் முதல் போட்டியில் என் கணவர் ஓட்டும்போது என்னை அதே நான்காம் வளைவில் மார்ஷலாக நிறுத்துமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அவர் கார் அங்கே எப்போதும் கவிழும். நான் எத்தனை நொடியில் நிமிர்த்துகிறேன் என்பதைச் சங்கம் குறித்துக்கொள்ளட்டும். அவரும் எண்ணிக்கொள்ளட்டும்.

இடம்: பந்தயத் திடல்
நாள்: போட்டி முடிந்து வந்த புதன்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
கார் எண் 27