காதில் சொன்ன பெயர்

தேயிலைத் தோட்டத்து ஆட்களான எங்களை இந்தியாவுக்கு அனுப்ப ஒப்பந்தம் போட்ட வருஷம், கார்த்திகை, வெள்ளி. நான் சொல்ல, மகன் எழுதுகிறான்.

இன்று பேத்திக்குப் பெயர் வைத்தோம். செத்துப்போன என் சம்சாரம் காத்தாயியின் பெயரை வைக்க எனக்கு ஆசை. மகனுக்கோ ஹட்டன் டவுனில் பார்த்த படத்துக் கதாநாயகி பெயர், வனஜா.

மருமகள் தயங்கிச் சொன்னாள்: "மாமா, அத்தை பேர வச்சா நான் எப்படிங்க வாயால கூப்பிடுவேன்? ஏசக்கூட முடியாதுங்களே!"

லயத்து வரிசை வீடுகளே சிரித்தன. பெற்றவளே கூப்பிடாத பெயர் எதற்கு? பிள்ளையின் காதில் மூன்று தரம் "வனஜா" என்றேன். அந்தப் படத்தை நானும் இரண்டு தரம் பார்த்தவன்தான்.

நான் காத்தாயியைப் "புள்ளே" என்றுதான் கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது, திம்புள்ளத் தோட்டத்தில் இருக்கும் அவள் அக்கா மாரியாயி ஒருத்திதான்.