அம்மாவுக்கு அல்சர் இல்லை

என் உயிர் அக்கா,

அங்கேயாவது கால் நீட்டி இருக்கிறீர்களா? எனக்கு இங்கே ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. காலையில் கழுவிய சட்டியை மறுபடி எடுத்துக் கழுவினேன். கடற்கரைக்கென்று வெளிக்கிட்டு, பாதி வழியில் திரும்பி வந்தேன். கோபம் வருகிறது, அழுகை வருகிறது, வெட்கமில்லாமல் பசியும் வருகிறது.

விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போன பிறகு பயத்தில் நானும் கிளினிக்குக்குப் போனேன். "குடும்பத்தில வேற ஆருக்கும் இருந்ததா?" என்று டொக்டர் கேட்டார். என் வாய் தானாக "இல்லை" சொல்லப் பார்த்தது. நம் வீட்டுப் பழக்கம் அப்படித்தானே? அம்மா இறந்தது மார்பில் வந்த புற்றுநோயால். ஊருக்கு மட்டும் அல்சர். இரண்டு குமர்ப் பிள்ளைகளைக் கரைசேர்க்க வேண்டுமென்று அப்பா சொன்ன பொய் அது.

உங்களுக்கு மார்பில் கட்டி வந்தபோதும் இதே கேள்வியைக் கேட்டார்களாம். நீங்கள் டொக்டரிடமே "அம்மாக்கு அல்சர்" என்றீர்களாம். வீட்டுக்கு வந்து, "வாய் பழகிப்போச்சடி" என்று சிரித்தீர்கள். நமக்குக் கலியாணமாகி எவ்வளவு காலம்! யாருக்குப் பயந்து மறைத்தீர்கள் அக்கா?

இந்த முறை நான் "ஓம், அம்மாக்கும் அக்காக்கும்" என்றேன். இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்தார்கள். அம்மாவிடமிருந்து வந்த மரபணுக் கோளாறு என்னிடமும் இருக்கிறதாம். இப்போது நோய் இல்லை, ஆனால் வரக்கூடிய வாய்ப்பு மிக அதிகம். வருமுன்னே இரண்டு மார்பையும் எடுத்துவிடலாம், பிறகு கருமுட்டை உண்டாகும் சூலகங்களையும் எடுக்கலாம் என்கிறார்கள். ஒன்றும் நோகாத உடம்பை எப்படி வெட்டக் கொடுப்பது? கொடுக்காமல் எப்படி இருப்பது? உங்கள் கடைசி மாதங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

இவரைக் கேட்டால், "உம்மட உடம்பு, உம்மட முடிவு" என்கிறார். நல்ல மனுசன்தான். எனக்கோ சண்டை பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அதற்கு அத்தான் வந்து சேர்ந்தார். உங்கள் மகள் அபிக்குக் கட்டைபறிச்சான் ஊரில் ஒரு மாப்பிள்ளை பேசியிருக்கிறார்.

"வதனி, கலியாணம் முடியட்டும். இப்ப ஒப்பரேசன் செய்தா ஏனெண்டு கேப்பினம். இல்லாட்டிப் பித்தப்பையில கல்லு எண்டு சொல்லுவம்."

"அபிக்கு என்ன சொல்லுறது அத்தான்?"

"அவளுக்கு ஏன் இப்ப இந்தக் கதை?"

அம்மாவுக்கு அல்சர், எனக்குப் பித்தப்பைக் கல். நம் வீட்டில் நோய்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் அத்தானைத் திட்ட மனம் வரவில்லை. உங்களைப் பறிகொடுத்த மனுசன், மகளுக்கும் வரலாம் என்று நினைக்கவே அவருக்கு ஏலாது.

அவர் போனதும் அலுமாரியைத் திறந்தேன். நீங்கள் தைத்துத் தந்த சாறிச் சட்டை ஒன்றைத்தான் இன்றும் தையல்காரியிடம் அளவுக்குக் கொடுக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். நமது இரண்டு வீடும் ஒரே வளவில் இருக்கின்றன, உங்கள் மகளுக்கோ கதவு தட்டும் பழக்கம் இல்லை. அபி நேரே உள்ளே வந்துவிட்டாள்.

"என்ன சித்தி, பழஞ்சட்டையோட நிண்டு அழுறீங்கள்?"

சொல்லிவிட்டேன். அம்மாவில் தொடங்கி உங்கள் வரைக்கும், பிறகு என்னையும், நோயின் பெயரோடு சொன்னேன். உனக்கும் இருக்கலாம், சோதிப்பது உன் விருப்பம் என்றேன். அவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

"அம்மம்மாக்கு அல்சர் இல்லையா?"

"இல்லையம்மா."

"என்னட்டக் கேட்டிருந்தா நானும் டொக்டரிட்ட அல்சர் எண்டுதான் சொல்லியிருப்பன், சித்தி."

கலியாணத்துக்கு உங்கள் நகையை எடுத்து வைத்திருக்கிறோம். அதற்கு முன்னமே இந்தப் பொய்யையும் அவளுக்குக் கொடுத்துவிட்டோம்.

மறுநாள் கிளினிக்குக்குப் போய், ஒப்பரேசனைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். திகதியும் தந்துவிட்டார்கள். அபி என்னோடு கொழும்புக்கு வருகிறாள். மாப்பிள்ளையிடம் தானே கதைப்பாளாம். அத்தான் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. முடிவெடுத்தால் நிம்மதி வரும் என்றார்கள், அதைக் காணவில்லை. சட்டியை இப்போதும் இரண்டு தரம்தான் கழுவுகிறேன்.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா. நீங்கள் தைத்த சட்டை இனி எனக்கு அளவாக இராது. புது அளவு கொடுக்கப் போகும்போது தையல்காரி ஏன் என்று கேட்பாள். அவளுக்கும் நோயின் பெயரைச் சொல்லுவேன்.

உங்கள் ஒரே தங்கச்சி,
வதனி